எண்ணாமல் எண்ணுதல்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நியூயார்க், லட்லோ தெருவில், கப்பலில் வந்திறங்கிய தையற்காரர்கள் கட்டிய எங்கள் யூத ஜெபாலயத்தில் பெண்களை ஜெபத்துக்கான ஆள்கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வந்தேன். அப்போதும் என்னைச் சேர்க்கவில்லை.

முதல் வரி: 'மாலை வெயில் பெஞ்சுகளின் மேல்...' வேண்டாம். வெயிலா இங்கே பிரச்சினை?

2.
ஹிண்டாவின் அப்பா ஸெலிக் இறந்து இன்றோடு ஒரு வருடம். மகன் இல்லை. அவருக்கான கதீஷ் ஜெபத்தை அவளே சொல்ல வேண்டும் என்று பொத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும், பத்து ஆண்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் கணக்கில் நாள் முடிந்தது.

(எங்கள் ஆட்களை நேராக எண்ணினால் கண் பட்டுவிடும். அதனால் எண்ணாமல் எண்ணுவோம்: ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல.)

3.
ஆள்கணக்குப் பார்ப்பவர் மொட்டல், ஜெபாலயத்தின் காரியக்காரர்; மரியாதையாக 'ரெப்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவரை முதலில் கொடுமைக்காரராக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஸெலிக்கின் சவப்பெட்டியைத் தூக்கியவர் அவர். இப்போதும் பத்தாவது ஆளைத் தேடி மூன்று தெரு அலைந்து, மூச்சிரைக்க வந்து நிற்கிறார்.

"ஊறுகாய்க் கடைக்காரர் எங்க?" என்றாள் ஹிண்டா.

"ஃப்ளோரிடா போயிட்டான். பொண்டாட்டிக்கு வெயில் வேணுமாம்."

"அந்தப் பல் டாக்டர்?"

"வர்றேன்னான். போன வாரமும் அதத்தான் சொன்னான்."

ஹிண்டா கண்களில் நீர் மல்க — (இல்லை. அழவிட்டால் தலையைத் தடவிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.)

பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "ரெப் மொட்டல், நீங்க கதவத் தட்டினப்பல்லாம் எங்கப்பா கடையப் போட்டுட்டு ஓடி வந்தாரு. இப்ப அந்தக் கடையில நிக்கிறது நான். என்னை எண்ணுங்க."

"அம்மாடி, சட்டத்த நானா எழுதினேன்?"

"எழுதினது யாருன்னு கேக்கலயே. எண்ணத் தெரியுமான்னுதான் கேக்கறேன்."

4.
டாக்டர் வந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். என்னைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி. அவள் கதவை அறைந்துவிட்டுப் போவதாக இன்னொன்று. என் தோழிகள் கைதட்டுவார்கள். ஸெலிக்குக்கு யார் ஜெபம் சொல்வது?

5.
சன்னலில் வெளிச்சம் மங்குகிறது. மொட்டல் பெஞ்சுகளைப் பார்த்து முணுமுணுக்கிறார். "...ஏழு இல்ல, எட்டு இல்ல." தன் நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறார். "ஒன்பது இல்ல."

பிறகு ஹிண்டாவைப் பார்க்கிறார். தொண்டையைச் செருமுகிறார்.

"பத்து இல்ல."

ஆள் சேர்ந்துவிட்டது என்றா, சேரவில்லை என்றா? எங்கள் பேச்சில் இரண்டுக்கும் இதே சொல்தான். குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்தக் குரலை நான் எழுத மாட்டேன். ஹிண்டா காத்திருக்கவில்லை, ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். முதல் வரி முடிகிறது. யாராவது ஆமென் சொல்ல வேண்டிய இடம் இது.

நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.