கயிற்றில் கட்டிய கார்

இருபத்திரண்டு நாட்களில் அந்தக் கார் தரையிலிருந்து மதில் உயரத்துக்கு எழும்பியது. முதல் நாள் ஒரு விரற்கடைதான். ஸ்டார்ட் ஆகாத பழைய கார் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. துடைப்பம் டயருக்கு அடியில் தடையில்லாமல் போய் வந்தபோதுதான் அம்மா மகளைக் கூப்பிட்டார்.

"அடியே, ஜாக்கி வெச்சிருக்கியா?"

"இல்லம்மா."

"அப்ப எப்படிடி நிக்குது?"

"தெரியல."

"சரி, அப்படியே அடியிலயும் பெருக்கிடறேன்."

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். காரை மாமா வெளிநாடு போகும்போது அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர், பெட்ரோல் ஃபில்டர், இவ்வளவையும் மாற்றினால் ஓடிவிடும். தானே மாற்றுவது என்று முடிவு செய்து உதிரி பாகக் கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்காரனை எல்லோரும் மில்லிமீட்டர் என்பார்கள். எந்த வண்டி, எந்த வருடம் என்று சொன்னால் போதும், அட்டவணையைப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பான். தப்பு என்று திரும்பி வந்த பொருள் அவன் கடையில் ஒன்றுகூட இல்லை. நான்கு பிளக்குகளைக் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றின் முனை இடைவெளியையும் மெல்லிய தகடு நுழைத்துப் பார்த்து, ஒன்றைத் திருப்பி நீட்டினாள். "இது மட்டும் கொஞ்சம் அகலம்." அவன் அளந்தான். அகலம்தான். அவனிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அன்று மாலைதான் கார் எழும்பத் தொடங்கியது.

மறுநாள் ஏர் ஃபில்டர் கேட்டு வந்தாள். அவன் கை தானாகப் பக்கத்து அலமாரிக்குப் போய், அரை அங்குலம் பெரிதான ஒன்றை எடுத்துக் கொடுத்தது. தப்பு என்று தெரிந்தும் அவன் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டு நாளில் அதைக் கொண்டுவந்து, "பெட்டியில உக்கார மாட்டேங்குதுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்தான். கார் முழங்கால் உயரத்துக்கு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வேறு மாடலுக்கானதாகக் கொடுத்தபோது இடுப்பு உயரம். பிளக் வயர் கேட்டபோது நான்குக்குப் பதில் மூன்றை மேஜையில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், மறுநாள் வந்து, "ஒண்ணு குறையுது" என்றாள்.

"நாள் பூரா ரத்தத்துல என்னென்னமோ எண்ணறே, கடையில பார்த்து வாங்க மாட்டியா?" என்றார் அம்மா. மகள் ஏணியில் நின்று இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

பக்கத்து பேட்டரிக் கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்தது. "என்ன மில்லிமீட்டர், இப்பல்லாம் முழம் போட்டு அளக்கறியாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்கு வரும் பெண்கள் எல்லோரும் மில்லிமீட்டரை அண்ணே என்பார்கள். அவள் மட்டும் இத்தனை முறை வந்தும் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அதை அவர்தான் முதலில் கவனித்தார்.

தெரு காருக்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அதன் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டார், கிடைத்தது. பின்னாளில் அங்கே மதில் கட்டியவர்கள், கொத்தனாரிடம் "வண்டி உசரத்துக்கு" என்று அளவு சொன்னார்கள்.

பெட்ரோல் ஃபில்டர் மட்டும் பாக்கி. அதையும் மாட்டிவிட்டால் அவள் கடைக்கு வரக் காரணம் இருக்காது. தப்பாகக் கொடுத்தால் இன்னும் ஒருமுறை வருவாள். ஆனால் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். சரியானதை எடுத்து வைத்துவிட்டு, காலையிலிருந்து வாசலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"கரண்டு கம்பியில இடிக்கப்போகுது, கையோட கூட்டிட்டுப் போ" என்று அம்மா சொல்லியிருந்ததால், அவள் காரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் பஸ் ஒன்று ஒதுங்கி இடம் கொடுத்தது.

ஃபில்டரை வாங்கி, இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். முகம் வாடியது.

"இது சரியா இருக்கு."

"ஆமாங்க."

"மாத்த வேண்டியதில்ல."

"இல்லைங்க."

அவள் போகவில்லை. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மத்ததெல்லாம் நான் வேணும்னேதான் தப்பா கொடுத்தேன். நீங்க மறுபடி வரணும்னு."

கயிறு விறைத்தது. வெளியே கார் இன்னும் மேலே ஏறியிருந்தது. பேட்டரிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, போர்டை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள் என்று குரல் கொடுத்தார். அவள் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணையும் வாங்கிட்டுப் போனேன்."