நீக்கப்பட்ட இருநூற்று இருபத்து நான்கு பேர்

1
இக்கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கண்ணீரிலிருந்து பிறந்தது என்றால் மதிப்பாக இருந்திருக்கும்.

முதல் தொடக்கம்: ஜன்னலுக்கு வெளியே மழை… (அடித்துவிட்டேன். கதாநாயகியின் அறைக்கு ஜன்னலே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: புள்ளியியலாளரான அக்காவுக்கு ஒரு தம்பி, கடிகாரம் பழுதுபார்ப்பவன், வயது முப்பத்தொன்பது. அவர்கள் தந்தைக்கு நாற்பத்திரண்டில் கை நடுங்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நோய். நகர மண்டபக் கோபுரத்தின் கடிகாரத்தைப் புதுப்பிக்கும் பத்தாண்டு வேலை தம்பியைத் தேடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

2
அந்நோய் தொடங்கும் நாளை யாரும் கண்டதில்லை. நலமாயிருந்த கடைசிப் பரிசோதனைக்கும் நடுக்கம் தென்பட்ட முதல் பரிசோதனைக்கும் இடையே எங்கோ அது ஒளிந்திருக்கும். அத்தகைய குடும்பங்களின் பரிசோதனைத் தேதிகளைக் கொண்டு அது தொடங்கும் வயதைக் கணிப்பதே அக்காவின் வேலை. கணக்கு நாற்பத்து மூன்று என்றது.

"அப்ப வேலை வேண்டாம்க்கா. பாதியில விட்டுட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

3
வியாழனன்று அக்கா மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டியபோது அதில் 412 பேர் இருந்தனர். அவளுடைய அட்டவணையிலோ 188. விவரங்களைக் கணினியில் ஏற்றும் எழுத்தரிடம் விரைந்தாள். (இவரை வில்லனாக்க முயன்றேன். பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைப்பவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை.)

"மிச்சப் பேர் எங்க சார்?"

"அவங்களுக்கு நோய் தெரிஞ்ச தேதி காலியா இருந்துச்சு மேடம். அரைகுறைன்னு தூக்கிட்டேன்."

"சார், அவங்களுக்கு நோயே இன்னும் வரல! வந்தவங்களை மட்டும் எண்ணினா வயசு குறைவாத்தானே வரும்?"

"ஐயையோ! நல்லா இருக்கிறவங்களையா துடைச்சுப் போட்டேன்?"

"ஒருத்தர் விடாம."

இருவரும் சிரித்தனர், அக்காவால் அடக்க முடியவில்லை.

4
எல்லோரையும் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"டேய், அறுபத்தஞ்சு வயசுலயும் பாதிப் பேருக்கு மேல ஒண்ணும் வரல."

"எனக்கு?"

"அது எந்தக் கணக்குக்கும் தெரியாது. ஆனா நாப்பத்து மூணு தப்பு."

மறுமுனையில் ஏதோ விழுந்தது.

"என்னத்தடா உடைச்சே?"

"நாற்காலிதான். ஏறி ஆடினேன்."

5
ஐம்பத்திரண்டு வயதில் ஒரு காலை, திருகாணியை எடுக்கப் போன அவன் விரல்… (முடிக்கமாட்டேன்.)

எண்பதிலும் அசையாத கைகளோடு அவன்… (இதையும்தான். ஆறுதலுக்காகப் பொய் சொல்வது எனக்கு வராது.)

வெள்ளியன்று கையெழுத்திட்டான் என்பது உறுதி. திங்களன்று கோபுர உச்சியில் பற்சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே நின்ற அக்கா, "சாப்பிட வாடா!" என்று கத்தினாள்.

"பத்து வருஷம் இருக்கே, என்னக்கா அவசரம்?"

முடிவு வேண்டுவோர் ஏறிச் சென்று அவனையே கேளுங்கள். நூற்றுப் பத்துப் படிகள். எனக்கு மூச்சு வாங்கும்.