சுரங்கத்தெருவுக்கு மேல் நின்றுபோன புறாக்கள்

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பந்தயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த புறாக்கள் வொர்ஸ்டேல் சுரங்கத்தெருவுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டன, விரித்த சிறகு விரித்தபடி. கீழே கிளிஃபர்டின் கம்ப்யூட்டர் நின்றுபோனதுதான் காரணம்.

சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிற கிளிஃபர்ட், தெருவின் புறா சங்கத்துக்குச் செயலாளர். எந்தப் புறா என்ன வேகத்தில் வந்தது என்று, டிவியோடு கோத்த அந்தப் பெட்டிதான் கணக்குப் போடும். புறா கூண்டுக்குள் நுழைந்தால்தான் வந்ததாகக் கணக்கு. கூரையில் உட்கார்ந்து இறகு கோதினால் செல்லாது. கிளிஃபர்டின் பெட்டைப் புறா டச்சஸுக்கோ கூரையில் உட்காருவதே பிழைப்பு. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்து அவன் வளர்த்தவள். ஒருதடவையாவது அவள் ஜெயிக்கட்டும் என்று, கரிக்குவியலுக்கு மேலே புள்ளியாகத் தெரிந்ததுமே ‘வந்தாயிற்று’ என்று தட்டிவிட்டான். வராததை வந்ததாகச் சொன்னால் பெட்டி என்ன செய்யும்? திரை உறைந்தது. கூடவே வானமும்.

சங்கத்தார் அவன் வீட்டு முன்னறையில் கூடிவிட்டார்கள்.

“பிளக்கைப் பிடுங்குப்பா, வேலை முடிஞ்சுது,” என்று தானே பிளக்கில் கை வைத்தான் பக்கத்து வீட்டு ஸ்டான்.

“பிடுங்கினா பெட்டிக்கு ஞாபகமெல்லாம் போயிரும்,” என்றாள் கிளிஃபர்டின் பெண்டாட்டி மேவிஸ். “மேல நிக்கிறதுகளுக்கும்தான். அப்புறம் உன் புறா வீடு தெரியாம லண்டன்ல போய் ரொட்டித்தூள் பொறுக்கும். சரியா?”

ஸ்டான் பிளக்கிலிருந்து கையை எடுத்தான்.

அணைக்காமல் மறுபடி கிளப்ப அந்தப் பெட்டியில் பொத்தான் கிடையாது. பின்பக்கம் வரிசையாகப் பித்தளைப் பற்கள். அதில் குறிப்பிட்ட இரண்டைக் கம்பியால் ஒரு நொடி சேர்த்தால் ஞாபகம் போகாமல் எழுந்துகொள்ளும். பல் மாறினால் புகைதான். மேவிஸின் கொண்டை ஊசியை வாங்கிக் குனிந்தான் கிளிஃபர்ட். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல், நடுங்கியது.

“வராதவளை வந்தான்னு எழுதினப்போ நடுங்கலையே,” என்றாள் மேவிஸ். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நடுக்கம் நின்றது. தொட்டான்.

திரை சிமிட்டியது. மேலே புறாக்கள், அப்போதுதான் பந்தயக் கூடையைத் திறந்துவிட்டதுபோல, ஒரு வட்டம் அடித்துத் தத்தம் வீட்டுக்கு இறங்கின. டச்சஸ் கூரைக்குப் போனாள்.

கிளிஃபர்ட் முற்றத்தில் நின்று பட்டாணி டப்பாவைக் குலுக்கினான். “உள்ள வாடி, தாயே. ஊரே பார்க்குது.”

மற்ற வீடுகளில் டீ குடித்து முடித்த பிறகு நுழைந்தாள். கடைசி இடம். அதற்கப்புறம்தான் தட்டினான், பெட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அதே கோடையில் ஸ்டானின் ஆண்புறாவுக்காக ஒருமுறை, பிறகு வேறு யாருக்காகவோ, வானம் நின்றது. தெருவில் உள்ள பெண்கள் அண்ணாந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். கொடியில் காயும் துணியை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். மறுபடி கிளம்பும்போது புறாக்கள், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிடும்.