கறுப்பு வெல்வெட் இரண்டு மீட்டர்

"உங்க பொண்ணு என்ன பண்றா?" என்று யார் கேட்டாலும், சித்திரக்குளத்துச் சூடாமணி "கம்ப்யூட்டர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். புனேயில் மகள் ஸஹானா ஆராய்வது கரும்பொருளை, அதாவது டார்க் மேட்டரை. கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தேடச் சம்பளமா என்று யாராவது சிரித்துவிட்டால்? போன நவராத்திரியில் அந்தக் "கம்ப்யூட்டர்" மகளின் காதில் விழுந்து தொலைத்தது. "என் வேலையைச் சொல்ல உனக்கு வெட்கமாம்மா?" என்று கேட்டவள், அப்புறம் போனில்கூட வேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷமாக அது சூடாமணியை அரித்தது. அதனால்தான் இந்தக் கொலுவில் வழக்கமான பார்க்குக்குப் பதில் விண்மீன் மண்டலம். கேக் அலங்கரிக்கும் சுழல் தட்டில், நடுவில் ஒட்டிய பெரிய மணியைச் சுற்றிக் கண்ணாடி மணிகள் நட்சத்திரங்கள். கரும்பொருளுக்குக் கறுப்பு வெல்வெட்.

வந்து இறங்கிய ஸஹானா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தப்பும்மா. கறுப்புன்னா கண்ணுக்குத் தெரியறதே. பின்னால இருக்கறதை மறைக்கறதே. கரும்பொருள் எதையும் மறைக்காது. வெளிச்சம் அது பாட்டுக்கு ஊடே போயிடும்."

சூடாமணியின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அப்போ இருக்குன்னு எப்படிடீ தெரியும்?"

ஸஹானா தட்டைச் சுழற்றினாள். ஓரத்து மணிகள் தெறித்து சோபாவுக்கு அடியில் ஓடின.

"நட்சத்திரமும் இப்படி ஓடியிருக்கணும். அது சுத்தற வேகத்துக்கு, நமக்குத் தெரியற பொருளோட ஈர்ப்பு போறாது. ஆனா ஓடலையே! வேற ஏதோ பிடிச்சிண்டிருக்கு. தெரியறதைவிட அஞ்சு மடங்கு இருக்கும்."

சூடாமணி சற்று யோசித்தாள். கிளி பொம்மையைத் தொங்கவிட வாங்கிய தங்கூஸ் நரம்பு, கண்ணாடிபோல மெல்லிய நைலான் நூல், மிச்சம் இருந்தது. இருவரும் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து மணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நடு மணியோடு கட்டினார்கள். வெல்வெட் அலமாரிக்குப் போனது.

சாயங்காலம் மேல்மாடி மாமி குங்குமம் வாங்க வந்தாள். தட்டு சுழன்றது. ஒரு மணிகூட விழவில்லை.

"விழமாட்டேங்கறதே! எது பிடிச்சிண்டிருக்கு?" மாமி மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். நரம்பு தெரியவில்லை. நிமிர்ந்து, எப்போதும்போலக் கேட்டாள்: "ஆமா, ஸஹானா என்ன பண்றா?"

"'எது பிடிச்சிண்டிருக்கு'ன்னு கேட்டேளே, அதைத்தான் தேடறா."

"இன்னும் ஆப்டலையா?"

"உலகத்துல யாருக்கும் ஆப்டலை மாமி."

சொல்லும்போது சூடாமணிக்குக் குரல் பெருமையில் ஏறிவிட்டது. உள்ளே சுண்டல் போட்டுக்கொண்டிருந்த ஸஹானா கரண்டியோடு கூடத்துக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.