கறியை விட்ட மூன்று வருடம்

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தல்லாகுளம் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். முப்பது வருடம் மாட்டுத்தாவணியில் வெங்காய மூட்டை ஏற்றிய கால், பதினான்கு படிக்குக் கெஞ்சியது. நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காத வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

ரத்தம் எடுத்த பெண் பத்மாசினி, அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினாள். அடியில் சிவப்பு தங்கியிருந்தது. மேலே பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

"இது தெளிஞ்சு மஞ்சளா நிக்கணும்ண்ணே. இம்புட்டும் கொழுப்பு. சமீபத்துல கறி விருந்தா?"

"கறி தொட்டு மூணு வருசமாச்சு தாயி."

"சுகர் மாத்திரை?"

"கறியத்தான் விட்டாச்சே, அது எதுக்குன்னு..."

"நல்லா விட்டீங்க போங்க! சுகர் கட்டுல இல்லேன்னா, வெறுஞ்சோறு தின்னாக்கூட ஈரலே கொழுப்பைச் செஞ்சு ரத்தத்துல விடும். கறி மேல மட்டும் பழியப் போட்டா எப்புடி? இன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

பெண்டாட்டி செத்துப் போனபின் நானே பொங்கி, தட்டு நிறையச் சோறும் ரசமும் தின்றேன். கறி இல்லை, அதனால் ஒழுங்காக இருக்கிறேன் என்று நினைப்பு.

மூன்று வருடம் முன்பு, சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து 'கொழுப்பைக் குறை' என்று டாக்டர் சொன்ன அதே வாரம்தான் உசிலம்பட்டிப் பக்கம் தங்கச்சி இருளாயி வீட்டுக் கிடாவெட்டு. கூடப் பிறந்தவன் என்று முதல் இலை எனக்குப் போட்டாள். கறி விழுந்ததும் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பந்தியே பார்த்தது.

"தொரைக்கு நம்ம வீட்டுக் கறி எறங்கலயாம்டி" என்று மச்சான் சிரித்தார். இருளாயி சிரிக்கவில்லை. "இனி எங்க வாசல மிதிக்காத" என்றாள்.

நோவைச் சொல்லியிருக்கலாம். பந்தியில் என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். சர்க்கரைக்காரன் என்று தெரிந்தால் மறுநாள் லோடுக்குக் கூப்பிட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பரிசோதனை நிலையத்துப் படியிறங்கி இருளாயிக்குப் போன் போட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"யாரு?"

"அண்ணன்தான்."

பின்னால் ஆட்டுக்குட்டி கத்தியது. "சாப்புட்டியா?" என்றாள்.

"இல்ல."

"அங்கயே தின்னுக்க."

வைத்துவிட்டாள். கையில் ஒட்டியிருந்த பஞ்சில் ரத்தம் காய்ந்திருந்தது. இருளாயி போட்ட அந்த இலையில் நான் தின்ன வேண்டிய ஒரு வேளைச் சோறு இன்னும் பாக்கி.