வெற்றிலை ஏற்றிப் போன வண்டி

செவிலிமேட்டில் காந்தா வீட்டுக் கட்டை வண்டி மாடில்லாமல் தானாகக் கிளம்பிப் போனது தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. தெருக்காரர்கள் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. ஏற்கெனவே அந்த வீட்டுத் தள்ளுவண்டியைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். வீடு கட்டிய மேஸ்திரி, அடி ஓட்டையான ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். காந்தா அதில் மண் நிரப்பிக் கொத்தமல்லி விதைத்தாள். முளைவிட்ட வாரமே அது காலையில் கிளம்பி, எங்கே வீடு கட்டுகிறார்களோ அங்கே போய் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தது. சித்தாள்கள் சோற்றுக்கு ஆளுக்கொரு கொத்து கிள்ளிக்கொள்வார்கள். சாயங்காலம் அவர்களோடு திரும்பிவிடும், ஞாயிற்றுக்கிழமை லீவு. உழைத்த உடம்பு சும்மா இருக்காது என்று எல்லோரும் அதை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

கட்டை வண்டி அப்படியில்லை, அழுத்தமான ஆள். ஐயம்பேட்டையில் காந்தாவின் அண்ணன் பாண்டியன் டிராக்டர் வாங்கியபோது, காயலான் கடைக்குப் போக இருந்ததை அவள்தான் சண்டை போட்டு வாங்கி வந்தாள். தட்டு முழுக்க எருவும் செம்மண்ணும் கொட்டி, கத்திரி, மிளகாய், சாமந்தி வைத்தாள். பக்கத்துக் கழிகளில் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டாள். அது மட்டும் கண்பட்டுவிடும்போல் தழைத்தது. அடுத்த மாதமே புதுமனை புகுவிழா. வேலை மும்முரத்தில் அவள் செய்த ஒரே தப்பு, அண்ணனுக்கும் மற்றவர்களைப் போலவே வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பியதுதான். கூடப் பிறந்தவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று பாண்டியன் வரவில்லை. வராத அண்ணன் இருந்தென்ன என்று இவளும் பேச்சை விட்டுவிட்டாள். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்த தூரத்தை இரண்டு பேரும் எட்டு வருஷம் கடக்கவில்லை. ரோஷம் என்பது அந்தக் குடும்பத்தில் சர்க்கரை வியாதி மாதிரி, எல்லோருக்கும் உண்டு.

இப்போது மகள் கீர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மணமேடையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். காந்தாவுக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

"மாமா இல்லாம எனக்குப் பட்டம் யாரும்மா கட்டுவாங்க? பக்கத்து வூட்டு அங்கிளா?" என்று கீர்த்தி அழுதேவிட்டாள்.

"ஒரு தட்டுல வெத்தல பாக்கு வெச்சிக்கினு போய் வந்தா இன்னா கொறஞ்சிடப் போற?" என்று கேட்டார் காந்தாவின் கணவர் வரதராஜன்.

"வூட்டு விசேஷத்துக்கு வராதவரு வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள் காந்தா. ஊற்றிக்கொண்டே அழுதாள். அதை வண்டியைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கேட்டைத் தானே தள்ளித் திறந்துகொண்டு, நுகத்தடியை நிமிர்த்தியபடி வண்டி ரோட்டில் இறங்கியது. டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது. காந்தி ரோட்டில், செடியும் பூவுமாக ஆளில்லாமல் வருவதைப் பார்த்து ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்த ஒரு பட்டுக்கடைக்காரர் ஓடிவந்து தேங்காய் உடைத்தார். கல்யாணப் புடவை எடுக்க வந்த வெளியூர்ப் பெண்கள் கத்திரிக்காயைப் பிரசாதமாகப் பறித்துக்கொண்டார்கள். வெற்றிலையில் மட்டும் ஒருத்தியையும் கைவைக்க விடாமல் வண்டி குலுங்கி நகர்ந்துவிட்டது.

பாண்டியன் பால் கறந்துகொண்டிருந்தபோது அது வாசலில் வந்து நின்றது. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைத் தொட்டார். கொடியைத் தொட்டபோது கண் கலங்கிவிட்டது.

"பொன்னி, இங்க வந்து பாரு! பொண்ணு கல்யாணத்துக்கு எந்தங்கச்சி வெத்தல வெச்சி அழைச்சிட்டா!"

அவர் மனைவி பொன்னி வந்து தட்டு முழுக்கத் தேடினாள். "வெத்தல இருக்குது. பாக்கு எங்கய்யா?"

நியாயமான கேள்விதான். பாக்கில்லாமல் அழைப்பு எப்படி முழுசாகும்? பாண்டியன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கடப்பாரையோடு கிணற்றடிக்குப் போய், அங்கே வளர்ந்திருந்த பாக்குக் கன்று ஒன்றை வேர் அறுபடாமல் பெயர்த்துவந்து, கத்திரிச் செடிகளுக்கு நடுவில் நட்டார். "போ" என்று வண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சாயங்காலம் வண்டி திரும்பி வந்தபோது காந்தா கேட்டருகில் நின்றிருந்தாள். இடுப்புயரப் பாக்குக் கன்றை வெகுநேரம் பார்த்தாள். ஐயம்பேட்டைக் கிணற்றடிக் களிமண் அதன் அடியில் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய், மணமேடையில் மாமனுக்கு வைக்க வேண்டிய வேட்டி சட்டையை எடுக்கச் சொன்னாள்.

கல்யாணத்தன்று பாண்டியன் எல்லோருக்கும் முன்னால் வந்து, மேளக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கார்களோடு வரிசையாக நின்ற கட்டை வண்டிக்கு மண்டபத்து வாட்ச்மேன் ஒரு பார்க்கிங் டோக்கன் கிழித்துக் கொடியில் செருகினார். முகூர்த்த நேரத்தில் கீர்த்தியின் நெற்றியில் பட்டம் கட்டும்போது அவள் மாமன் முடிச்சை லேசாகத்தான் போட்டார்.

"இழுத்துக் கட்டுண்ணா, அவுந்துடப் போவுது" என்றாள் காந்தா. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"அதெல்லாம் கட்டுறேன்" என்றார் பாண்டியன், திரும்பிப் பார்க்காமல். "வண்டிக்குக் காலையில தண்ணி ஊத்தினியா?"

"ஊத்திட்டுத்தாண்ணா வந்தேன்."