பதினாலு மில்லி

கண்ணாயிரம் கேஸ் கட்டரோடும் இரண்டு ஆட்களோடும் வந்து இறங்கினார். நான் மூன்று மாதம் பற்றவைத்த சேசிஸை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட.

மரக்காணத்தில் பெரிய உப்பளம் அவருடையது. என் அம்மா ராசம்மாள் அதில்தான் உப்பு வாருகிறாள். அவர் அப்பா காலத்து ஹெரால்டு காரின் அடிச்சட்டமான சேசிஸைக் கடல்காற்று தின்றுவிட்டது, எஞ்சினும் போய்விட்டது. பெரிய முதலியார்சாவடியில் சாலமன் அண்ணன் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். அண்ணன் சும்மா இருப்பாரா? ரோட்டரி எஞ்சின் செய்து வைக்கலாம் என்றார். பிஸ்டன் கிடையாது, ஒரு கூட்டுக்குள் முக்கோணம் சுற்றும், அவ்வளவுதான். அந்தக் கூட்டை ஏழு தடவை செய்து தூக்கிப் போட்டார். எட்டாவது ஓடியது.

எஞ்சின் அவருடையது. அதைத் தாங்கும் புது சேசிஸ் என்னுடையது. சகாயசெல்வி, பி.இ. மெக்கானிக்கல், எங்கள் தெருவின் முதல் டிகிரி. ஆறு கம்பெனியில் "லேடீஸ் வேணாம்மா" என்றார்கள். ஏழாவதுக்கு நான் போகவில்லை, அண்ணன் ஷெட்டுக்கு வந்துவிட்டேன்.

சேசிஸ் செய்தது நான் என்று போன வாரம்தான் கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு அது கோணலாகத் தெரிந்தது. சென்னையிலிருந்து ஆதிமூலம் என்று ஒரு எக்ஸ்பர்ட்டைக் கூட்டி வந்திருந்தார். பளபளவென்று ஷூ.

ஸ்டாண்டு மேல் நின்ற சேசிஸின் நாலு மூலையிலும் தரையிலிருந்து டேப் பிடித்தார் ஆதிமூலம்.

"நானூறு. நானூத்தி ஆறு. நானூத்தி எட்டு. நானூத்தி பதினாலு." டேப்பைச் சுருட்டினார். "பதினாலு மில்லி அவுட்டு சார். ஒரு ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தகடு, இன்னொண்ணுக்கு அடியில அஞ்சு தகடு. இப்படி வச்சிப் பத்தவெச்சா வேற எப்படி வரும்?"

"சாலமன், பொம்பளப் புள்ள கையில குடுத்தியே, பாத்தியா?" என்றார் கண்ணாயிரம்.

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தரைதான் சார் கோணல். அதுக்குத்தான் அந்தத் தகடு," என்றேன்.

"சாருன்றா பாரு. உங்கம்மா மொதலாளின்னுதான் கூப்புடுவா."

"அவங்களுக்கு நீங்க மொதலாளி. எனக்குக் கஸ்டமர்."

அண்ணன் இருமினார்.

"அரை மணி நேரம் குடுங்க. தப்புன்னா நானே அறுத்துத் தர்றேன்."

"குடுக்கலாமே," என்றார் கண்ணாயிரம். வேடிக்கை பார்க்கும் ஆசை.

சுனாமிக்கு முன்னால் அந்த ஷெட்டில் வாட்டர் சர்வீஸ் நடந்தது. மூலையில் இன்னும் சாக்கடை ஓட்டை இருக்கிறது. மேலே டயர் அடுக்கியதில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். டயரைத் தள்ளி, ஓட்டையில் கோணியைத் திணித்தேன். களிமண் குழைத்து, அந்த ஓட்டையும் உள்ளே வரும்படி சேசிஸைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டினேன். பத்தாவது லீவிலிருந்து உப்பளத்தில் கட்டிய கை, மறக்கவில்லை.

"என்னம்மா, நாத்து நடப் போறியா?" என்றார் ஆதிமூலம்.

"இல்ல சார், உப்பு எடுக்கப் போறேன். உள்ள வாங்க, நீங்கதான அளக்கணும்."

அவர் வரப்பைத் தாண்டி உள்ளே வந்ததும் ஒரு டிரம் தண்ணீரைக் கவிழ்த்தேன். ஷூவைத் தூக்குவதற்குள் நனைந்துவிட்டது.

"இப்ப தரையிலேர்ந்து வேணாம். தண்ணிலேர்ந்து அளங்க."

தண்ணீர் அசைவு அடங்கக் காத்திருந்தோம். முன் மூலையில் அது தரையை மூடியும் மூடாமலும் நின்றது. எதிர்மூலையில் ஆதிமூலத்தின் ஷூ விளிம்பு முங்கியது.

"முந்நூத்தித் தொண்ணூத்தி நாலு," என்றார். அடுத்த மூலைக்கு நடந்தார். "முந்நூத்தித் தொண்ணூத்தி நாலு." மூன்றாவதைச் சத்தமாகச் சொல்லவில்லை. நாலாவதை இரண்டு தடவை அளந்தார்.

"என்னய்யா?" என்றார் கண்ணாயிரம்.

"நாலும் ஒண்ணு சார். தரைதான் வாட்டம், சரிவா இருக்கு."

கண்ணாயிரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தி மட்டமா என்று தண்ணீர் விட்டுத்தான் அவர் உப்பளத்திலும் பார்க்கிறார்கள். அவருக்குத் தெரியாததா? ஆனால் பாத்திக்குள் அவர் கால் வைத்து எத்தனை வருஷமோ.

"கட்டர வண்டியில ஏத்துங்கடா," என்றார் கடைசியில். "சாலமன், திங்கக்கிழம பாடிய மாட்டு."

"என்கிட்ட சொல்லுங்க சார்," என்றேன்.

கண்ணாயிரம் என் பக்கம் திரும்பினார். பிறகு, "மாட்டும்மா," என்றார்.

ஆதிமூலம் இன்னும் பாத்திக்குள்ளேயே நின்றார். "மேடம், இந்தத் தண்ணிய வெளிய விட்டீங்கன்னா..."

"கோணி அந்த மூலையில இருக்குது சார். புடுங்கி விடுங்க. வாட்டம் இருக்குதுல்ல, தானா போயிடும்."